இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது

உத்தியோகக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான வாக்கியம் ஒன்று உண்டு. "இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" என்பதுதான் அது. குண்டூசியும் நூலும் இருந்த காலத்தில் இந்த வாக்கியத்துக்குத் திட்டமான பொருள் இருந்தது. தாள் காணாமற் போனாலும், ஊசி குத்திய தடம் கடிதத்தின் மூலையில் நின்று சாட்சி சொல்லும். இப்பொழுது கடிதம் மின்னஞ்சலாகப் போகிறது. வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது. இணைத்தது எங்கே என்று விசாரித்தால், அனுப்பியவர் "அனுப்பி விட்டேன்" என்று சத்தியம் செய்கிறார். பெற்றவர் "வரவே இல்லை" என்று சத்தியம் செய்கிறார். இதில் விசேஷம் என்னவென்றால், அநேகமாய் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கிறது!

இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் அகப்பட்டு விழிக்கும் குடும்பங்கள் எங்கள் கல்மண்டபத்தில் ஏராளம். ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம். மற்றொரு பக்கம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரையில் ஆலைகள். 1856-ம் வருஷம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷனும் பக்கத்திலேயே இருக்கிறது. கப்பல் வேலையானாலும் சரி, கிடங்கு வேலையானாலும் சரி, கிளியரிங் ஏஜெண்டிடம் குமாஸ்தா வேலையானாலும் சரி, மனுப் போடுகிறவன் இன்று தன் சான்றிதழ்களை மின்னஞ்சலில் இணைத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. பத்து வருஷப் படிப்பும் பெற்றோரின் கடனும் சேர்ந்து சம்பாதித்த காகிதங்கள் அவை. அவை போய்ச் சேருகின்றனவா என்பது சொற்ப விஷயம் அல்ல.

எங்கள் தெருவில் ஒரு பையன் கப்பல் வேலைக்குரிய பயிற்சியை முடித்தான். ஒரு காரியாலயத்திலிருந்து, வெள்ளிக்கிழமை மாலைக்குள் சான்றிதழ்களை அனுப்பும்படி தகவல் வந்தது. இணைப்பு 20 மெகாபைட்டுக்கு மேற்படக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். பையன் எட்டுத் தாள்களை ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக்கினான். 19 மெகாபைட் இருந்தது. புதன்கிழமையே அனுப்பினான். சனிக்கிழமை டெலிபோனில் விசாரித்தபோது, "உங்கள் காகிதம் ஒன்றும் வரவில்லையே!" என்று பதில் கிடைத்தது.

"சார், 'சென்ட்' என்று காட்டியது சார். அப்புறம் இங்கிலீஷில் என்னமோ ஒரு மெயில் வந்தது. மெயிலர் டீமன் என்று பெயர் போட்டிருந்தது. ஏதோ வைரஸ் என்று நினைத்து அழித்து விட்டேன்" என்றான்.

பாவம், அவனுக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆசாமி அந்த டீமன்தான்! டீமன் என்பது பேய் பிசாசு அல்ல. 1960-களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கலாசாலையில் கணினி வேலை செய்தவர்கள், மாக்ஸ்வெல் என்ற பௌதிக சாஸ்திரி கற்பனை செய்த குட்டிப் பூதத்தின் ஞாபகமாக, திரைமறைவில் ஓயாமல் உழைக்கும் நிரல்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கடிதம் சேராவிட்டால் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்புவது அஞ்சல் பூதத்தின் வேலை. பழைய தபாலில் "விலாசதாரர் இல்லை" என்று எழுதித் திரும்பி வருமே, அதைப் போன்றதுதான். ஆகையால், அனுப்பிய சில மணி நேரத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தால், அதனுடன் எந்த இணைப்பு வந்தாலும் தொடாமல், வாசகத்தை மட்டும் நிதானமாய்ப் படிக்க வேண்டும். தாம் அனுப்பாத கடிதத்தைக் குறித்து வந்தால் மாத்திரமே சந்தேகப்பட வேண்டும்.

அந்தப் பையனுக்கு அவ்வருஷத்து இடம் போய்விட்டது. அவன் 20-க்கு உட்பட்டுத்தானே அனுப்பினான்? 19 எப்படி 20-ஐத் தாண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், இணைப்பு சம்பந்தமான மற்றக் கஷ்டங்களில் பாதி தாமே விளங்கிவிடும்.

*

மின்னஞ்சல் பிறந்தது எழுத்துக்காக. அதிலும் ஆங்கில எழுத்துக்காக. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் என்பவர் எழுதி வெளியிட்ட அஞ்சல் விதிகளில், ஒரு கடிதத்தில் 128 குறிகளுக்கு மேல் இடமில்லை. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக் குறிகள், சில கட்டளைகள்—அவ்வளவுதான். படம் இல்லை, பாட்டு இல்லை, தமிழும் இல்லை.

ஆனால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? 1980-லேயே கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் மேரி ஆன் ஹார்ட்டன் என்பவர், எந்தக் கோப்பையும் ஆங்கில எழுத்துக்களாக மாற்றி, மறுபுறத்தில் மீண்டும் கோப்பாக்கும் ஓர் உபாயத்தைச் செய்திருந்தார். பிற்பாடு நதானியேல் போரென்ஸ்டைன், நெட் பிரீட் என்னும் இருவர் உலகத்துக்கெல்லாம் பொதுவான முறை ஒன்றை வகுத்தார்கள். "மைம்" என்பது அதன் பெயர். 1992 மார்ச் 11-ந் தேதி போரென்ஸ்டைன் அந்த முறையில் முதல் கடிதத்தை அனுப்பினார். நண்பர்கள் நால்வராய்ப் பாடும் தம் கோஷ்டியின் படமும் பாட்டும் அதில் இருந்தன. இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, என்றைக்காவது பேரக் குழந்தைகள் பிறந்தால் அவர்கள் படத்தை அஞ்சலில் பார்க்க ஆசை என்று அவர் சொல்வாராம். நம்முடைய நாட்டில் பொதுஜனங்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-ந் தேதி. தொடங்கிய நகரங்களில் சென்னையும் ஒன்று. அதற்குள் இந்த முறை தயாராயிருந்தது நம் பாக்கியம்.

இந்த முறையில் ஒரு விஷயத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இணைப்பு கடிதத்துடன் கூடப் போவதில்லை. கடிதத்துக்கு உள்ளேயே போகிறது. உங்கள் சான்றிதழின் படத்தை மென்பொருள் மூன்று மூன்று பைட்டாக நறுக்குகிறது. ஒவ்வொரு மூன்றையும் நான்கு ஆங்கிலக் குறிகளாக எழுதுகிறது. பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, கூட்டல் குறியும் சாய்கோடும் 2. ஆக 64 குறிகள். வரிக்கு 76 குறியாக, ஆயிரக்கணக்கான வரிகள் கடிதத்தின் வயிற்றுக்குள் எழுதப்படுகின்றன. மூன்று நான்காவதால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வரி முடிவுகளுக்கும் கொஞ்சம் சேருகிறது. 19 மெகாபைட் வழியில் 26 ஆகிவிடுகிறது! வாசலில் நிறுத்துப் பார்த்தவனுக்கு 19. தபாலாபீஸ் தராசில் 26.

ஆகவே கணக்கு இதுதான்: சொல்லப்பட்ட வரம்பில் முக்கால் பங்குக்குள் உங்கள் கோப்பு இருக்க வேண்டும். 20 என்றால் 14, 25 என்றால் 18 என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. கோப்பு பெரிதாயிருந்தால் ஸ்கேன் செய்கிறவரிடம் சொல்லுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி என்பதை 300 ஆக்கினால், புள்ளிகள் பாதியாக அல்ல, நாலில் ஒன்றாகக் குறைகின்றன. சான்றிதழைப் படிக்க 300 தாராளமாய்ப் போதும்.

*

இனி, "வந்தது, ஆனால் தெரியவில்லை" என்னும் வகையைப் பார்ப்போம்.

வீட்டுக் கணினியில் தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள்களில் கடிதம் படிக்கிறவர்கள் முதலில் மூலத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தண்டர்பேர்டில் கண்ட்ரோல் விசையுடன் "யு" எழுத்தைத் தட்டினால் கடிதத்தின் நிஜ ரூபம் தெரியும். ஜிமெயிலில் "ஷோ ஒரிஜினல்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. திறந்து கீழே தள்ளிக்கொண்டு போங்கள். அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள் சமமான வரிகளில் பத்தி பத்தியாய் வருகின்றனவா? வந்தால், கோப்பு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், காட்டுவதில்தான் கோளாறு. கடிதத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். அந்த வரிகளே இல்லாவிட்டால், இணைப்பு அனுப்பப்படவில்லை, அல்லது வழியில் யாரோ கழற்றிவிட்டார்கள். அப்பொழுதுதான் அனுப்பியவரைக் கேட்க வேண்டும். இந்த ஒரு சோதனை எத்தனையோ வீண் சண்டைகளைத் தவிர்க்கும்.

காட்டுவதில் வரும் கோளாறுகளில் பிரசித்தி பெற்றது "வின்மெயில்.டாட்". படம் அனுப்பினேன், பட்டியல் அனுப்பினேன் என்கிறார் ஒருவர். பெற்றவருக்கு எதனாலும் திறக்க முடியாத இந்தப் பெயருள்ள ஒரே கோப்பு வந்திருக்கிறது. காரணம் இது: பழைய அவுட்லுக்கில் "ரிச் டெக்ஸ்ட்" என்னும் அமைப்பில் கடிதம் எழுதினால், அது இணைப்புக்களையெல்லாம் தன் சொந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டி அனுப்பக்கூடும். அந்தப் பூட்டுக்குச் சாவி மற்ற மென்பொருள்கள் பலவற்றில் இல்லை. பரிகாரம் அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. "ஃபைல்", "ஆப்ஷன்ஸ்", "மெயில்" என்று போய், கடிதம் எழுதும் அமைப்பை "எச்.டி.எம்.எல்." என்று மாற்றிவிட வேண்டும். பெற்றவருக்கு அவசரமானால், அந்தப் பெட்டியைத் திறப்பதற்கென்றே சிறு மென்பொருள்கள் இருக்கின்றன.

இரண்டாவது கோளாறு, கோப்பு கடிதத்தின் நடுவே படமாக விரிந்து நிற்பது. அல்லது, படமாகத் தெரிய வேண்டியது பெயராக மட்டும் நிற்பது. ஒவ்வோர் இணைப்புக்கும் "உள்ளே காட்டு" அல்லது "தனியே வை" என்று ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. அது வேண்டுகோள்தான், கட்டளை அல்ல. பெறுகிற மென்பொருள் தன் இஷ்டப்படி நடக்கலாம். தண்டர்பேர்டில் "வியூ" என்ற பட்டியலில், இணைப்புக்களை உள்ளேயே காட்டலாமா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். ஆப்பிள் கணினியில் படத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து சின்னமாக்கி விடலாம்.

மூன்றாவதைக் கோளாறு என்று சொல்வது தகாது. ஆனால் அதனால் விளையும் குழப்பம் மற்ற இரண்டையும்விட அதிகம். "ரிப்ளை" கொடுத்தால் பழைய இணைப்பு கூட வராது. "ஃபார்வர்ட்" செய்தால்தான் வரும். மேலதிகாரியிடமிருந்து வந்த கடிதத்துக்குப் பதில் போட்டு, "மேற்படி இணைப்பைக் காண்க" என்று மூன்றாம் மனிதருக்கும் ஒரு பிரதி அனுப்பினால், அவர் எதைக் காண்பார்?

*

நம் பாஷைக்கு மட்டும் உரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. இதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கிறோம். "பட்டியல்" என்று வைத்துக்கொள்வோம். புள்ளியையும் உயிர்க் குறியையும் தனித்தனியே எண்ணினால், யுனிகோட் கணக்கில் இது எட்டுக் குறி. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 24. அஞ்சலின் பழைய ஆங்கில வாசலில் நுழைவதற்காக ஒவ்வொரு பைட்டையும் மூன்று எழுத்தாக விரித்தால் 72 எழுத்து! நீளமான பெயரைத் துண்டு துண்டாக்கி எண்ணிட்டு அனுப்புவதற்கு 1997 நவம்பரிலேயே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விதியைப் பின்பற்றாத மென்பொருளின் கையில் கிடைத்தால், உங்கள் "பட்டியல்" கேள்விக் குறிகளின் வரிசையாக மாறும்; அல்லது "ஏடிடி00001" என்று ஜெயில் கைதியின் நம்பரைப் போன்ற பெயரைப் பெறும்; வால் அறுந்துபோனால், எந்த மென்பொருளால் திறப்பது என்று கணினிக்கே தெரியாது. வால் என்றது பெயரின் முடிவில் புள்ளி வைத்து வரும் "பி.டி.எப்." முதலிய எழுத்துக்களை. கோப்பைச் சேமித்து அந்த வாலை மறுபடி ஒட்டினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் சரக்குக்கு ஒன்றும் நேர்ந்திராது.

இதற்காகத் தமிழ்ப் பெயரே வேண்டாம் என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். விதி நம் பக்கம் இருக்கிறது. இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை அதை ஒப்புக்கொண்டும் விட்டன. நமக்குள் எழுதிக்கொள்ளும்போது தமிழ்ப் பெயரைத் தாராளமாக வையுங்கள். வைக்க வைக்கத்தான் பிழைகள் வெளிப்பட்டுத் திருந்தும். ஆனால் கெடு நிர்ணயித்த மனுவை, எந்தக் காலத்து மென்பொருள் வைத்திருக்கிறார்களோ தெரியாத காரியாலயத்துக்கு அனுப்பும்போது, சுருக்கமான ஆங்கிலப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். பையனுடைய பிழைப்பை வைத்துப் பாஷைப் பரீட்சை நடத்த வேண்டியதில்லை.

பெயர் சரியாக வந்து உள்ளே இருக்கும் தமிழ் சிதைந்து வருவதும் உண்டு. யுனிகோட் வழக்கத்துக்கு வருமுன் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். பாமினி எழுத்துருவில் அடித்த "அம்மா", அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நாலு ஆங்கில எழுத்தாகவும் நடுவில் ஓர் அரைப் புள்ளியாகவும் தெரியும். பெற்ற தாயை இப்படி அடையாளம் தெரியாமற் செய்வது வேறெங்கும் இல்லை! அச்சகங்களிலும் சங்கங்களிலும் இன்னமும் இத்தகைய பழைய கோப்புக்கள் கிடக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசங்களில் இருந்த தமிழன்பர்கள் சம்பளமின்றிப் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றினார்கள். அவர்களும் பழைய குறியேற்றங்களில் தொடங்கி யுனிகோடுக்கு வந்தவர்களே. ஆகவே, பழைய எழுத்துருவில் இருப்பதை யுனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்ற அவகாசமில்லாவிட்டால் பி.டி.எப். ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்து போகும், கட்டுச் சாதம் கொண்டு போகிறவனுக்கு வழியில் ஹோட்டல் வேண்டாம் அல்லவா?

*

சில இணைப்புக்களை அஞ்சல் யந்திரமே மறித்துவிடும். அதன்மேல் கோபித்துப் பயனில்லை. 2000-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி பிலிப்பைன்ஸ் தேசத்து மணிலாவிலிருந்து, "உனக்கு ஒரு காதல் கடிதம்" என்று பொருள்படும் பெயருடன் ஓர் இணைப்பு உலகமெங்கும் பரவியது. பார்வைக்குச் சாதாரண எழுத்துக் கோப்பு. உண்மையில் அதற்குப் பின்னால் இன்னொரு வால் மறைந்திருந்தது. விண்டோஸ் வழக்கமாகக் கடைசி வாலைக் காட்டாது. திறந்தவர்களின் கணினியில் கோப்புக்களை நாசமாக்கி, அவர்கள் விலாசப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. அத்தகைய அநுபவங்களால், இயங்கக்கூடிய நிரல்களை அஞ்சல் நிலையங்கள் ஏற்பதில்லை. ஜிமெயில், ஜிப் மூட்டைக்குள் வைத்தாலும் கண்டுபிடித்து நிறுத்துகிறது. நம்மைப் போன்றவர்கள் அனுப்ப வேண்டியது பி.டி.எப்.பும் படமுந்தான், அவற்றுக்குத் தடை இல்லை. நமக்கு வருவதில் இரட்டை வால் கண்டால் திறக்கக் கூடாது.

இனி அனுப்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். கோப்பைச் சேமித்து, மூடி, அப்புறம் இணையுங்கள். திறந்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தால், போவது முன்பு சேமித்த பழைய பிரதியாயிருக்கும். கோப்பு மேகக் கிடங்கில் இருந்தால், மென்பொருள் பிரதிக்குப் பதில் சுட்டியை மட்டும் அனுப்பலாம். பெற்றவருக்குத் திறக்க அநுமதி இராது. ஆகையால் "பிரதியாக இணை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். தண்டர்பேர்டில், கடிதத்தில் இணைப்பைக் குறிப்பிட்டுவிட்டு இணைக்க மறந்தால் எச்சரிக்கும் ஒரு வசதி உண்டு. அதற்குத் தெரிந்த வார்த்தைகளின் பட்டியலில் "இணைத்துள்ளேன்", "இணைக்கப்பட்டுள்ளது" என்று நீங்கள் எழுதும் வடிவங்களையும் சேர்த்து, அதற்கும் கொஞ்சம் தமிழ் சொல்லிக் கொடுங்கள். முக்கியமான கடிதத்தை முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பித் திறந்து பாருங்கள். பிரவுசிங் சென்டரில் கடைக்காரருடைய விலாசத்திலிருந்து மனு அனுப்பாதீர்கள். பதிலும் அவருக்கே போகும், அஞ்சல் பூதத்தின் எச்சரிக்கையும் அவருக்கே போகும். சொந்த விலாசத்திலிருந்து, கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பி, "இணைப்பில் எட்டுத் தாள்கள் உள்ளன, திறந்தமைக்கு ஒரு வரி எழுதக் கோருகிறேன்" என்று கேட்டு வாங்குங்கள். "படித்தாயிற்று" என்று தானே அறிவிக்கும் ரசீதை நம்புவதற்கில்லை. அதை அனுப்புவதும் அனுப்பாததும் பெற்றவர் விருப்பம்.

பெறுகிற காரியாலயங்களுக்கும் ஒரு வார்த்தை. வரம்பு 20 என்று விளம்பரம் செய்கிறவர்கள், "கோப்பு 14-க்குள் இருக்கட்டும்" என்று ஒரு வரி சேர்த்துப் போடுவதில் என்ன நஷ்டம்? "வரவில்லை", "வந்தது, திறக்கவில்லை", "திறந்தது, எழுத்துத் தெரியவில்லை" என்பவை மூன்றும் மூன்று வேறு நோய்கள், மருந்தும் மூன்று. எல்லாவற்றுக்கும் "வரவில்லை" என்று ஒரே பதிலைச் சொல்லும் சிப்பந்தி, அந்தச் சொல்லினால் ஒரு வீட்டின் ஒரு வருஷத்தைக் கழித்து விடுகிறார். தபால்காரர் திரும்பி வந்த உறையின் மேல் காரணம் எழுதாமல் இருந்ததில்லை. கணினி வைத்திருக்கிறவர்கள் அந்த மரியாதையைக் கைவிட வேண்டிய அவசியம் என்ன?